தீவாகும் நேரம்

கூரையில் பன்னிரண்டு தகடுகள்.
ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் என்பதால்
துருப்பிடிக்காத ஆணிதான் வேண்டுமென்று
கூடுதலாக ஒரு தொகை.
வெள்ளவத்தை உப்புக்காற்று
எங்கள் யன்னல் கம்பியை
மூன்று வருடத்தில் தின்று முடித்தது.

முதல் மாதம்
மின்சார சபை எங்களுக்குக் கடன்பட்டது.
அந்த பில்லை பிரிட்ஜ் கதவில்
காந்தம் வைத்து ஒட்டினார் தவநேசன்,
மகளின் ரிப்போட்டுக்கு மேலே.

பங்குனியில் ஒரு செவ்வாய்,
பகல் பன்னிரண்டரை,
காகம்கூட நிழல் தேடுகிற வெயில்.
விசிறி மெதுவாகி,
இறக்கைகளை எண்ணலாம் என்றாகி,
நின்றது.
தலைக்கு மேல் ஐந்து கிலோவாட் சூரியன்.
கீழே நான், பழைய கலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு.

நௌசாத்துக்கு அடித்தேன்.
“லைன் செத்தா அதுவும் செத்துரும் மெடம்.
அப்படித்தான் செஞ்சிருக்காங்க.
உங்க கரண்ட் ரோட்டுக்குப் போனா
போஸ்ட்ல ஏறி நிக்கிற ஆள் என்ன ஆவாரு?
லைன் செத்துட்டுன்னு நம்பித்தானே கை வைக்கிறாரு.”
அதற்கொரு பெயரும் வைத்திருந்தான்: ஐலண்டிங்.
ஊரே இருட்டில் கிடக்க
ஒரு வீடு மட்டும் தீவாகிப்போவது.
“தீவா இருக்கணும்னா வழி இருக்கு.
ரோட்டை வெட்டிவிட்டுட்டு இருக்கணும்.
பற்றரி போடணும்.”

விலையைச் சொன்னபோது
வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளைப் பார்த்தார் தவநேசன்.
அடுத்த கிழமை அது நிற்கவில்லை.

மாடிப்படிக்குக் கீழே,
பழைய சூட்கேஸ் இருந்த இடத்தில்
சூட்கேஸ் அளவிலேயே ஒரு வெள்ளைப் பெட்டி.
ஐந்து யூனிட் கொள்ளும்.
காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து
நௌசாத் கேட்டான்:
“எதெல்லாம் உயிரோட இருக்கணும்?”

இப்படி ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.
ஏசி என்றேன். பென்சில் அசையவில்லை.
இஸ்திரிப்பெட்டி, கேத்தில்: சிரித்தான்.
தண்ணீர் மோட்டர்? ஓடுறதை விடுங்க,
கிளம்புற அந்த ஒரு மூச்சுக்கே எல்லாத்தையும் இழுத்துரும்.
பிரிட்ஜ், சரி. குசினி பல்ப், சரி.
அறைக்கொரு விசிறி என்று தொடங்கி
எல்லோருக்குமாய் ஒரு விசிறி என்று முடிந்தோம்.
வைஃபைக்காக இவர் வாதாடியதுபோல்
எங்கள் கல்யாணத்துக்குக்கூட வாதாடவில்லை.
பின்னாலிருந்து வர்ணிகா:
“மீன்தொட்டிக் குமிழி?”
ஐந்து வாட்.
பட்டியலில் கடைசியாய், கோணலாய்.

வைகாசி மழை. இரவு எட்டேகால்.
படிக்குக் கீழே ‘டக்’ என்று ஒரு சத்தம்.
அவ்வளவுதான். பல்ப் கண்சிமிட்டக்கூட இல்லை.
யன்னலில் பார்த்தால் ஒழுங்கையைக் காணவில்லை.
எதிர்வீட்டு பெரேரா மெழுகுதிரியோடு நடப்பது
அறைவிட்டு அறை மஞ்சளாய் நகர்ந்தது.
நான் திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.
ஏனென்று தெரியவில்லை.
களவெடுத்தது போல.

திரைக்கு ஓரத்தால் பார்த்தேன்.
ஒழுங்கை முனையில், போஸ்டின் உச்சியில்
நெற்றி விளக்கோடு ஒருவர், மழையில்.
அந்த ‘டக்’ தனக்கானது என்று
அவருக்குத் தெரியாது.
படிக்குக் கீழே போய்
பச்சைப் புள்ளியைப் பார்த்துவிட்டு வந்தேன்.
பிறகு இன்னொரு முறை.

பத்தரைக்கு ஒழுங்கை முழுக்க
‘ஏஏஏய்’ என்று ஒரு கூச்சல்.
பிள்ளைகள், பெரியவர்கள், பெரேராவின் நாய்.
வர்ணிகா புத்தகத்திலிருந்து தலை நிமிர்த்தி,
“என்ன, மட்ச்சில வென்றிட்டமா?”
“கரண்ட் வந்திட்டுது.”
“எங்க போனது?”

தவநேசன் போனில் விழுக்காட்டைப் பார்த்தார்.
“எழுபத்தெட்டு. இன்னும் கிடக்கு” என்றார்,
விருந்துக்குப் பிந்திப் போனவரின் குரலில்.
தொட்டியில் குமிழிகள்
மேலே வந்தபடி இருந்தன.